எங்கள் வீட்டு ரேந்தைக்கு 200 வயதா?

ஜூன் 4, 2023

அம்மா வழியில் எங்களுக்கு வந்த ஞானஸ்நான அங்கி ஒன்று இருக்கிறது. ஊர் கன்னியாகுமரி மாவட்டம். வெள்ளைப் பருத்தித் துணி. கீழ் விளிம்பைச் சுற்றி 4 செ.மீ. அகலத்தில் ஒரு ரேந்தை (லேஸ்), கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலம்கூட இல்லாத இன்னொரு ரேந்தை. நாகர்கோவில் மால்ட் துரைசாணியிடம் படித்த கை பின்னியது என்று பாட்டி சொல்வார்.

மிஷனரி தம்பதியான சார்லஸ் மால்ட்டும் மார்த்தா மால்ட்டும் நாகர்கோவிலுக்கு வந்தது 1819-ல். அதற்கடுத்த சில ஆண்டுகளிலேயே அங்கே பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே இது 200 வயதான கைப்பின்னல் என்கிறேன். இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு

"முதலில் அது எந்த வகைக் கைப்பின்னல்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. நகைக்கடைக்காரர்கள் கல் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரம் பார்த்தேன்.

குரோஷா இல்லை, அது தெரிகிறது. ஊசி ரேந்தையும் இல்லை. ஊசி ரேந்தை என்றால் ஒரே நூலால் காஜா எடுப்பதுபோலக் கண்ணி கண்ணியாகக் கட்டிக்கொண்டு போவார்கள். இதில் காஜாக் கண்ணி எங்குமே இல்லை. நூல்கள் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன, முறுக்கிக்கொள்கின்றன, அவ்வளவுதான். திண்டில் துளை போட்ட அட்டையைப் பொருத்தி, அதில் குண்டூசி குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய நூலை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டுச் செய்யும் பின்னல் இது. அதில் இரண்டே அசைவுகள்தான், குறுக்கே போடுவதும் முறுக்குவதும். 400 ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பாவில் பின்னிய அத்தனை திண்டு ரேந்தையும் இந்த இரண்டிலிருந்து வந்ததுதான்.

கீழ் விளிம்பு ரேந்தையின் ஓரத்தில் குண்டூசி நின்ற இடங்கள் சின்னச் சின்னத் துளைகளாக இன்னும் தெரிகின்றன.

ஜூன் 6

கழுத்து ரேந்தை பற்றி. முதல் பார்வையில் மனம் துள்ளியது. சின்னப் பூக்கள், பூவைச் சுற்றித் தடித்த நூல் இல்லை, பின்புலம் சிறு கட்டம் கட்டமான வலை. வலென்சியனும் மெக்லினும் ஐரோப்பாவின் பழைய திண்டு ரேந்தை வகைகள். வலென்சியன் ரேந்தைக்குத் தடித்த ஓர நூல் கிடையாது என்பது அடிப்படைப் பாடம். மெக்லின் என்றால் பூவைச் சுற்றிப் பளபளக்கும் தடித்த நூல் ஓடும். ஆகவே வலென்சியன் என்று முடிவுகட்டி, அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டேன்.

ஜூன் 6, பிற்பகல்

அவசரப்பட்டுவிட்டேன். கழுத்து ரேந்தை மெஷினில் செய்தது.

எப்படித் தெரிந்தது என்று விரிவாகச் சொல்கிறேன், அடுத்தவர்களுக்கு உதவும். கையால் பின்னிய ரேந்தையில் பூவிதழின் நிறைந்த பகுதி துணி நெய்ததுபோல இருக்கும், மேலே ஒன்று கீழே ஒன்று என்று. என் கழுத்து ரேந்தையில் அதே இடத்தில் வரி வரியாக மேடு தெரிகிறது. நீளவாக்கில் ஒரு கூட்டம் நூல் விறைப்பாக ஓடுகிறது, மற்ற நூல்கள் அதன்மேல் சாய்ந்து சாய்ந்து போகின்றன. விரல் நகத்தால் தடவினாலே அந்த வரி தட்டுப்படுகிறது. லீவர்ஸ் என்ற ரேந்தை மெஷினின் கைரேகை அது. ஓரத்தில் வெட்டுப்பட்ட நூல் நுனிகளும் மீசை மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த மெஷினில் ரேந்தைகளைப் பல வரிசையாக ஒட்டி ஒட்டி நெய்து, இடையில் ஓடும் நூலை உருவிப் பிரிப்பார்கள்.

ஜான் லீவர்ஸ் தன் மெஷினைச் செய்தது 1813-ல். பூ வடிவத்தைத் துளைகளால் மெஷினுக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டையை அதோடு சேர்த்துப் பூ வேலைப்பாடு நன்றாக வரத் தொடங்கியது 1840களில். அதற்கப்புறம் இங்கிலாந்தின் நாட்டிங்காமிலும் பிரான்சின் கலேயிலும் இந்த மெல்லிய வலென்சியன் நகல் மைல் கணக்கில் ஓடியிருக்கிறது. குழந்தை உடுப்புக்கும் உள்ளாடைக்கும் அதுதான் வழக்கம்.

ஆக, கழுத்து 1820 இல்லை. அக்காவுக்கு மறுபடி போன் செய்தேன்.

ஜூன் 7

"கழுத்தைப் பிற்காலத்தில் மாற்றியிருக்கலாமே?" நானும் அதைத்தான் நம்ப விரும்பினேன். கழுத்து மடிப்பைப் பிரிக்காமல் உள்ளே பார்த்தேன். பழைய தையலின் துளை ஒன்றுகூட இல்லை. தோள் தையல் மெஷின் தையல், மேல் நூலும் கீழ் நூலும் நடுவில் பூட்டிக்கொள்ளும் வகை. எலியாஸ் ஹோவ் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1846-ல், சிங்கர் வாங்கியது 1851-ல். நம் பக்கம் தையல் மெஷின் பரவியது இன்னும் பிந்தி. அங்கி 1820-ல் தைத்தது அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கீழ் ரேந்தை வேறு கதை. அது கையால் தைத்துச் சேர்த்தது. அதன் நேர் ஓரத்தில் இரண்டு வரிசை ஊசித் துளைகள். ஒன்று இப்போதைய தையல். மற்றது காலி.

அதாவது இந்த ரேந்தை இதற்கு முன் வேறெதிலோ இருந்திருக்கிறது. அங்கியின் வயது வேறு, ரேந்தையின் வயது வேறு. ரேந்தை விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் துணி கிழிந்தாலும் ரேந்தையை அவிழ்த்து அடுத்த உடுப்பில் வைப்பார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜூன் 7, நள்ளிரவு

காலித் துளைகளை அளந்தேன். மொத்த நீளம் 2.6 மீட்டர். நான்கு இடங்களில் துளைகள் நெருங்கி நெருங்கி வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறக்குறைய 65 செ.மீ. சதுரத் துணி! மூலையில் ரேந்தையைச் சுருக்கித் திருப்பியிருக்கிறார்கள். சர்ச்சில் விரிக்கும் பீடத்துணி என்று நினைக்கிறேன்.

ஜூன் 8

பீடத்துணி என்று எழுதியது ஆர்வக்கோளாறு. 65 செ.மீ. சதுரம் சின்ன மேஜை விரிப்பாகவும் இருக்கலாம். சதுரம் என்பது மட்டும் உறுதி.

ஜூன் 11

நூல் பஞ்சா, லினனா (ஆளிச்செடி நார்) என்று கேட்டவருக்கு. உதிர்ந்து கிடந்த ஒரு செ.மீ. இழையை எரித்துப் பார்த்தேன். செய்திருக்கக் கூடாது. பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், இதில் காகிதம் எரிகிற வாடை. ஆனால் பஞ்சும் லினனும் இரண்டுமே அப்படித்தான் எரியும். ஓர் இழை போனதுதான் மிச்சம். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

அப்புறம் கல்லூரியில் தாவரவியல் எடுக்கும் தோழியிடம் இன்னொரு உதிரி இழையைக் கொண்டுபோனேன். மைக்ராஸ்கோப்பில் லினன் இழை மூங்கில்போலக் கணு கணுவாகத் தெரியும், பஞ்சு இழை தட்டையான நாடாவை முறுக்கிவிட்டதுபோலத் தெரியும். எங்களுடையது பஞ்சு. சந்தேகமே இல்லை.

ஐரோப்பிய ரேந்தை என்றால் இதுவே பெரிய தடயம். 18-ஆம் நூற்றாண்டு வரை இன்றைய பெல்ஜியப் பக்கத்து பிளாண்டர்ஸில் நல்ல ரேந்தை என்றால் கையால் நூற்ற லினன்தான், நூல் உலர்ந்து அறுபடாமலிருக்க ஈரம் கசியும் இருட்டறைகளில் உட்கார்ந்து நூற்றார்கள். பஞ்சு நூல் அந்த இடத்தைப் பிடித்தது 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில். ஆகவே பஞ்சு நூல் ரேந்தையைக் காட்டி 1750 என்று யாராவது விலை சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் நம் ஊரில் அந்த வாதம் செல்லாது. பஞ்சு விளையும் நாட்டில் 1820-ல் பஞ்சு நூலில் பின்னினார்கள் என்றால் அதில் என்ன அதிசயம்? என் 200 வயது இன்னும் சாகவில்லை.

ஜூன் 11, மாலை

ஒன்று சேர்க்க மறந்தேன். நூல் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே பருமன். கையால் நூற்றதில் கனத்தும் மெலிந்தும் வரும். இது மில் நூல். என் வாதம் கொஞ்சம் தளர்கிறது, மறைக்கப் போவதில்லை.

ஜூன் 14

பின்புல வலை. இதைப் பற்றி எத்தனை எழுதினாலும் எனக்கு அலுக்காது, ஏனென்றால் ரேந்தையின் ஊர் பூவில் இல்லை, வலையில் இருக்கிறது. பூவை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். வலை, கற்றுக்கொண்ட இடத்தின் பழக்கம்.

மெக்லின் வலையின் கண் ஆறு பக்கம். நான்கு பக்கம் இரண்டு நூல் முறுக்கு, இரண்டு பக்கம் நான்கு நூல் சடை, அதுவும் குட்டையான சடை. பிரஸ்ஸல்ஸ் வலையும் அதே அமைப்பு, சடை மட்டும் நீளம். வலென்சியனில் எல்லாப் பக்கமும் சடை. லில்லும் பக்கிங்காம்ஷயரும் சடையே போடாமல் வெறும் முறுக்கு, அதனால் காற்றுப்போல லேசாக இருக்கும். ஹானிட்டனில் முதலில் பூவைத் தனியாகச் செய்துவிட்டுப் பிறகுதான் சேர்ப்பார்கள்.

1809-ல் ஜான் ஹீத்கோட் திண்டு வலையைப் போலவே முறுக்கு வலை செய்யும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1816-ல் லவ்பரோவில் மெஷின்களை எதிர்த்தவர்கள் அவர் ஆலையை அடித்து நொறுக்கினார்கள். அவர் டெவனில் இருக்கும் டிவர்ட்டனுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் கைவலைக்கு மவுசு போய், கையால் செய்த பூவை மெஷின் வலைமேல் வைத்துத் தைத்தார்கள். 1840-ல் விக்டோரியா ராணி கல்யாணத்துக்குப் பூண்ட முக்காடுகூட அப்படித்தான், பூ டெவன் கடற்கரையில் பீர் என்ற சிற்றூர்ப் பெண்களின் கைவேலை, வலை மெஷின். கையா மெஷினா என்று ஒற்றைக் கேள்வி கேட்டால் அதற்கு என்ன பதில் சொல்வது?

சரி, நம்முடையது. கண்கள் சாய்சதுரம், 45 பாகைச் சாய்வு, முறுக்கு மட்டும். பூ கிடையாது. நடுவில் சிலந்தி போன்ற கால்கள், வெளி ஓரத்தில் விசிறி விசிறியாக வளைவு. 86 விசிறி எண்ணினேன். இதன் பெயர் டோர்ஷான். கற்பவர்களுக்கு முதலில் கொடுக்கும் வகை, உழைப்புத் துணிகளுக்கு ஏற்ற கெட்டியான வகை. இங்கிலாந்தில் அது பெருவழக்கானது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1820-ல் இங்கிலாந்திலிருந்து ஒருவர் கொண்டுவந்திருந்தால் பக்கிங்காம்ஷயர் போன்ற வலையோ ஹானிட்டன் போன்ற பூவோதான் எனக்கு இயல்பாகத் தோன்றுகிறது.

ஜூன் 15

ரேந்தை என்ற சொல்லைப் பற்றிக் கேட்டீர்கள். போர்த்துகீசியத்தில் 'ரெண்டா'. சிங்களத்திலும் 'ரேந்த' என்பார்கள். இலங்கையில் காலி நகரப் பக்கம் திண்டு ரேந்தையை 'பீரளு' என்கிறார்கள், அது போர்த்துகீசியத்தில் குச்சிக்குப் பெயரான 'பில்ரோ'. எங்கள் வீட்டில் யாரும் லேஸ் என்று சொன்னதில்லை. கடையில் வாங்குவதுதான் லேஸ்.

ஜூன் 19

மோசமான நாள். விசிறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஒரு விசிறியின் தோளில் லேசான புடைப்பு. ஐந்து விசிறி தள்ளி அதே புடைப்பு. மறுபடி ஐந்து தள்ளி அதே இடத்தில் அதே புடைப்பு. 15 செ.மீ.க்கு ஒரு முறை, கடைசி வரை.

இதன் பொருள் தெரியாதவர்களுக்கு: ஜெர்மனியில் பார்மென் ஊர்ப் பெயரில் ஒரு மெஷின் உண்டு. வட்டமாகச் சுழன்று சடை போடுகிற மெஷின். லீவர்ஸைப் போல வரி வரியான மேடு அதைக் காட்டிக்கொடுக்காது. குச்சிப் பின்னலின் அசைவுகளை அப்படியே செய்யும். அதில் செய்த டோர்ஷானை லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் நூல் ஓட்டம் கைவேலை மாதிரியே இருக்கும். ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும் பிழைதான் அதைக் காட்டிக்கொடுக்கும். என் புடைப்பு அப்படித்தான் வருகிறது.

பாட்டியின் முகம் நினைவுக்கு வந்தது. இன்று இதற்குமேல் எழுதவில்லை.

ஜூன் 25

ஊருக்குப் போய்வந்தேன். பக்கத்துத் தெருவில் 80 தாண்டிய ஒருவர், இளம் வயதில் கான்வென்ட் ரேந்தை அறையில் வேலை பார்த்தவர். அங்கியைக் கையில் கொடுத்தேன். லென்ஸ் நீட்டினேன், வேண்டாம் என்றுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே விளிம்பைச் சுற்றிவந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "மக்ளே, இது படிக்கிற பிள்ளை பின்னினதாக்கும்" என்றார்.

அந்த இடத்தில் வலை தளர்ந்திருக்கிறது. ஏறக்குறைய 40 செ.மீ. அப்படியே போய், பிறகு மெல்ல மெல்ல இறுகுகிறது. நான் 20 நாளாகப் பார்த்தும் கவனிக்கவில்லை. "நூலை எவ்வளவு இழுக்கணும்னு கைக்குத் தெரியாத நேரம். பொறவு கை படிஞ்சிற்று." இன்னொரு இடத்தில் சிலந்தியின் ஒரு காலில் முறுக்கு விட்டுப்போயிருக்கிறது, 86 விசிறியில் அந்த ஒரே இடத்தில். மெஷின் இப்படிக் கற்றுக்கொண்டு தேறாது.

அப்படியானால் அந்தப் புடைப்பு? அவரிடம் காட்டினேன். "அட்டை இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 26

அம்மாவின் சித்தியிடம் பேசியதில் ஒரு திருத்தம். ரேந்தை பின்னியவர் பாட்டியின் அம்மா. அவர் பிறந்த வீடு முளகுமூடு. கத்தோலிக்கக் குடும்பம், கல்யாணத்துக்கு அப்புறம்தான் புரொட்டஸ்டன்ட் பக்கம் வந்தது. முளகுமூட்டுக்கு பெல்ஜியத்திலிருந்து மரி லூயிஸ் தெ மேஸ்டர் என்ற கன்னியாஸ்திரி வந்தது 1897-ல். அநாதைக் குழந்தைகளையும் பள்ளியையும் பார்த்துக்கொண்ட, அவர் தொடங்கிய சபை அங்கே ரேந்தை வேலையையும் வளர்த்தது. பிளாண்டர்ஸ் நாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் திண்டும் குச்சியும் புதிதா என்ன?

பாட்டி 'துரைசாணி' என்றுதான் சொல்லியிருப்பார், மால்ட் பெயரை நாங்கள் ஒட்டிவிட்டோமோ என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் பக்கம் ரேந்தை என்றாலே எல்லோருக்கும் வாயில் வரும் பெயர் அதுதானே. இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா ரேந்தை கற்றுக்கொடுத்தார், அவரும் மால்ட் தம்பதியின் மகள்.

ஜூன் 27

ஆண்டு போட்ட ரேந்தை உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு. முதல் உலகப் போரின்போது பெல்ஜியத்துக்கு உணவு அனுப்பிய நிவாரண ஆணையம் நூலையும் உள்ளே அனுப்ப வழி செய்தது, பின்னுகிற பெண்களுக்குப் பிழைப்பு நிற்காமலிருக்க. அந்த ரேந்தைகளில் நேச நாடுகளின் சின்னங்கள், பெல்ஜிய மாகாணங்களின் சின்னங்கள், சிலவற்றில் ஆண்டும் பின்னலுக்குள்ளேயே இருக்கும். அந்தக் கொடுப்பினை மற்ற ரேந்தைகளுக்கு இல்லை.

ஜூலை 2

அட்டை கிடைத்துவிட்டது.

அங்கி இருந்த அதே தகரப் பெட்டி. அடியில் விரித்திருந்த பழைய துணிக்குக் கீழே பழுப்பேறிய கெட்டி அட்டை, 15 செ.மீ. நீளம். சின்ன வயதில் அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைக்கும் அட்டை என்று நினைத்து நானே விளையாடியிருக்கிறேன். முழுக்கத் துளைகள். ஐந்து விசிறி.

ரேந்தையை அதன்மேல் வைத்து நகர்த்தினேன். துளைக்குத் துளை உட்கார்ந்தது. இரண்டாவது விசிறியின் தோளில் ஒரு துளை வரிசையை விட்டு ஒரு மில்லிமீட்டர் வெளியே போயிருக்கிறது. அட்டை குத்தியவரின் கை அங்கே தவறியிருக்கிறது. ஐந்து விசிறிக்கு ஒரு முறை குண்டூசி அந்தத் தவறிய துளையில் நின்றிருக்கிறது, ஐந்து விசிறிக்கு ஒரு முறை ரேந்தை புடைத்திருக்கிறது. ஜூன் 19 குறிப்பில் மெஷின் என்று நான் பயந்த சாட்சியே கைவேலைக்குச் சாட்சியாகிவிட்டது.

அட்டை ஓரங்களில் துளைகள் பெருத்து, சில இடங்களில் ஒன்றோடொன்று கிழிந்து சேர்ந்திருக்கின்றன. 2.6 மீட்டர் பின்னினால் இந்தத் தேய்மானம் வராது. எத்தனையோ கஜம் இதன்மேல் ஓடியிருக்கிறது. அதெல்லாம் விற்றுப் போயிருக்கும்.

ஜூலை 2, இரவு

அட்டையைத் திருப்பிப் பார்க்கவே இல்லை என்று படுக்கப்போகும்போதுதான் உறைத்தது.

பின்பக்கம் மலையாள அச்சு. ஏதோ நோட்டீஸ் அட்டையை வெட்டியிருக்கிறார்கள். மேல் ஓரத்தில் 'கொல்லம்' என்ற சொல், பக்கத்தில் 108. நான்காவது எண் ஒரு குண்டூசித் துளையோடு போய்விட்டது.

கொல்லம் என்பது மலையாள ஆண்டுக் கணக்கு. கொல்லம் 1080 தொடங்கியது 1904 ஆகஸ்டில். 1089 முடிந்தது 1914 ஆகஸ்டில். அட்டை அச்சானது அந்தப் பத்து ஆண்டுக்குள். அதை வெட்டித் துளை குத்தியது அதற்கப்புறம், அதன்மேல் பின்னியது அதற்கும் அப்புறம். ரேந்தை 1904-க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. மால்ட் காலம் அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது.

ஜூன் 4-ல் நான் வைத்த 200 வயதைத் திரும்பப் பெறுகிறேன். அதிகபட்சம் 119.

ஜூலை 3

"ஏமாற்றமா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இல்லை. 200 வயது ரேந்தைக்கு ஊர், பேர் தெரியாத ஒரு கைதான் இருந்தது. இதைப் பின்னிய பிள்ளை எங்கே தளர்த்தினாள், எங்கே முறுக்கை விட்டாள், எந்தத் துளையில் சலித்துக்கொண்டிருப்பாள் என்பது வரை தெரிகிறது. அது பாட்டியின் அம்மாவின் கைதான் என்று இன்னும் சத்தியம் செய்ய மாட்டேன். அட்டை எங்கள் பெட்டியில் இருந்தது, அவ்வளவுதான் சாட்சி.

ஜூலை 9

அட்டையை, கான்வென்ட் ரேந்தை அறையில் வேலை பார்த்த அந்த அம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தவறிய துளையில் ஒரு குண்டூசியைக் குத்தி நிறுத்திப் பார்த்தார். "பழைய அட்டையில செய்யாண்டாம், கிழிஞ்சிரும். நகல் எடுத்துட்டு வா. 22 ஜோடி குச்சி வேணும்" என்றார். நகல் குத்தும்போது அந்தத் துளையை நேராக்கவா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும் என்றார்.

மார்த்தாண்டத்தில் மரம் கடைபவர் ஒருவரிடம் 44 குச்சிக்குச் சொல்லியிருக்கிறேன்.